“புதுசு, சீல் உடைக்கல” என்று வரும் மாடல் விமானக் கிட்: வாங்குவோர் கவனத்துக்கு

முகநூலிலும் விற்பனைச் செயலிகளிலும் மாடல் விமானக் கிட் (பாகங்களை ஒட்டிச் சின்ன விமானம் கட்டும் பெட்டி) வாங்கும் எல்லோருக்கும், முக்கியமாக மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பதிவு. யாரோ பிரித்துப் பார்த்த பழைய கிட்டிலிருந்து நல்ல பாகங்களை உருவிக்கொண்டு, பெட்டியை மறுபடியும் பிளாஸ்டிக் உறையில் மூடி, புதுசு விலைக்கே விற்கிறார்கள். என் அக்கா மகனிடம் அப்படித்தான் விற்றார்கள். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதி முடித்த கையோடு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கி அவன் சேர்த்த காசு அது. இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். அதனால் போகட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை.

அவன் ஆசைப்பட்டது புரூஸ்டர் பஃபலோ விமானத்துக்கு. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர்கள் சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் குண்டு போட்டபோது அங்கே இருந்த ஆஸ்திரேலியாவின் 21ஆவது ஸ்குவாட்ரன் ஓட்டியது இந்த அமெரிக்க விமானத்தைத்தான். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் எல்லாம் எல்லாரும் கட்டுவது மாமா, நம்ம ஊர்ப் பக்கம் பறந்ததைக் கட்டணும் என்றான். எவ்வளவு நல்ல ஆசை! அசலில் 48இல் ஒரு பங்கு (1/48) அளவு, ஜப்பானியத் தயாரிப்பு. தயாரித்த நிறுவனத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர் செயலியில்தான் விளம்பரம் போட்டிருந்தார். பையன் விசாரித்ததும், “பிரதர், புலனத்துக்கு (வாட்ஸ்அப்) வாங்க, நேரா பேங்க்ல போட்டா இருபது வெள்ளி கொறச்சுத் தரேன்” என்று பதில். இந்த இடத்தைக் கவனியுங்கள். செயலி வழியாகக் கட்டினால், பொருள் கைக்கு வந்து நாம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அழுத்தும் வரைக்கும், அல்லது அதற்கான கெடு முடியும் வரைக்கும், பணம் செயலியிடம்தான் இருக்கும். அந்தப் பாதுகாப்பிலிருந்து நம்மை வெளியே இழுக்கத்தான் இந்த இருபது வெள்ளித் தள்ளுபடி. கூடவே ‘ஸ்பெஷல் தின்னர்’ (பெயின்ட்டை இளக்கும் திரவம்) என்று லேபிள் இல்லாத ஒரு போத்தலையும் தலையில் கட்டினார்.

பெட்டி வந்தது. வெளி உறை பளபளவென்று இருந்தாலும், அடிப்பக்கம் ஒட்டுக்கோடு நடுவில் கோணல்மாணலாக ஓடியது. மூலைகளில் சூடு பட்டுப் பிளாஸ்டிக் சுருண்டு, கீழே அட்டை லேசாக வளைந்திருந்தது. உள்ளே ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) பைகள் எல்லாம் ஸ்டேப்ளர் அடித்தவை, பழைய ஊசி ஓட்டைகள் பக்கத்திலேயே தெரிந்தன. விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டின் பாகங்கள் ஒன்றுகூட இல்லை. பஃபலோவுக்கு அந்த நீளமான கூண்டுதான் முகமே. ஒரு இறக்கை வளைந்திருந்தது.

டெக்கால் தாள், அதாவது விமானத்தின் மேல் ஒட்டும் குறிகள் அச்சடித்த தாள்தான் எனக்கு ரொம்ப வேதனை. நல்ல டெக்காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் படலம் தாளைவிட்டு வழுக்கிக்கொண்டு வரும். பையன் ஒரு வட்டக் குறியை வெட்டித் தண்ணீரில் போட்டான். வழுக்கவில்லை. ஓரம் ஊறி நூல் நூலாகப் பிரிந்தது, கிண்ணத்துத் தண்ணீர் நீலமாக மாறியது. சாதாரணத் தாளில் எடுத்த வண்ண நகல்! அசல் தாளை எடுத்து வேறு யாருக்கோ விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தத் தின்னர். மாடல் கிட் எல்லாம் பெரும்பாலும் போலிஸ்டைரீன் பிளாஸ்டிக். வன்பொருள் கடையில் விற்கும் லேக்கர் தின்னர் அதைக் கரைத்துவிடும். போத்தலில் இருந்தது அதுதான். இறக்கையின் மேல்பக்கம் அது பட்ட இடம் கோப்பையில் உறைந்த ரப்பர் பால் மாதிரி மேடும் பள்ளமுமாக ஆகிவிட்டது.

கடைக்காரரைக் கேட்டால், “பெட்டிய தொறந்துட்டா நாங்க பொறுப்பில்ல.” மறுநாள் பையனின் எண்ணை முடக்கிவிட்டார்.

பொறுப்பில்லை என்று அவர் வாயால் சொன்னால் ஆயிற்றா? பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இருக்கிறது. விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். அந்த உரிமையை ரசீதில் ஒரு வரி அச்சடித்துப் பறிக்க முடியாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டிப் புகார் பதியலாம், இணையத்திலேயே முடியும். 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு வியாபாரியாக இருக்க வேண்டும். பழையதை விற்கும் தனி ஆள் மேல் அங்கே போக முடியாது. அதனால் வாங்கும் முன்பே வணிகப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு ரசீதில் அந்த எண் இருந்தது, புகார் கொடுத்தாயிற்று. விசாரணை முடியாததால்தான் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பணம் போட்டும் பொருளே வரவில்லை, ஆள் மாயம் என்றால் அது வேறு கதை. உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போகும். பணம் போடும் முன்பு போலீஸின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டி, அதன் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரிக்கும்போது உறையில் கை வைப்பதற்கு முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். விளக்கத்தாளில் பாகங்களின் படம் இருந்தால் அதை வைத்து ஒவ்வொரு ஸ்ப்ரூவையும் ஒப்பிடுங்கள். கண்ணாடிப் பாகங்களையும் டெக்கால் தாளையும் முதலில் பாருங்கள், திருடுகிறவர்கள் அவற்றைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

ஏமாந்த கிட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் மருமகன் போடவில்லை. வளைந்த இறக்கையை வெந்நீரில் வைத்து, இளகியதும் மெல்ல நிமிர்த்தி, அப்படியே பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டினான். கொதிக்கும் நீர் வேண்டாம், மெல்லிய ஓரங்கள் நெளிந்துவிடும். கரைந்த இடத்தைத் தொடாமல் பல நாள் காயவிட்டு, தண்ணீர் தொட்டு மணல்தாளால் 400இல் தொடங்கி 1000 வரை தேய்த்து, பள்ளத்தை நிரப்பும் புட்டி வைத்து, விமானத் தகடுகள் சேரும் கோடுகளை ஊசியால் மறுபடி கீறினான். வட்டக் குறிகளுக்கு டேப்பில் வட்டம் வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்தான். டெக்காலைவிட அது அழகாகவே வந்தது.

கூண்டுக்குத்தான் ரொம்பப் பாடுபட்டோம். ரப்பர் மரத் துண்டில் கூண்டின் வடிவத்தைச் செதுக்கி வழவழப்பாகத் தேய்த்தோம். மினரல் வாட்டர் போத்தலை வெட்டி, அச்சை அதற்குள் வைத்து வெப்பக்காற்றுத் துப்பாக்கியைக் காட்டினால், பிளாஸ்டிக் சுருங்கி அச்சோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் வந்தவை சுருக்கம் விழுந்து வீணாயின. மரத்தை இன்னும் நன்றாக மெருகேற்றியதும் தெளிவாக வந்தது. அதை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள், சூப்பர் குளூ ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துப் போகும்.

அந்தக் கடைக்காரர் இப்போது வேறு பெயரில் பக்கம் திறந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதே படங்கள். பச்சை வெட்டுப்பலகை மேல் பெட்டி, பலகையின் வலது மூலை உடைந்திருக்கும். அதைப் பார்த்தால் பணம் போடாதீர்கள். இதே மாதிரி பஃபலோ வாங்கிக் கூண்டில்லாமல் யாராவது தவித்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். மர அச்சு எங்களிடம் இருக்கிறது, பையன் செய்து அனுப்புவான், காசு வேண்டாம்.