கல் கல்லாகவே இருக்கட்டும்: ஆறு ஆண்டு டார்க்டேபிள் அனுபவம்

2019-இல் வேலூர் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் நன்றாக மெருகேற்றி, 12க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். பெரியப்பா வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எந்த ஊரு கோயில்பா இது?" என்று கேட்டார். தினமும் சாயங்காலம் கோட்டைக்குள் நடக்கப் போகிறவர் அவர். அந்தக் கோபுரத்தை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பாரோ!

அவர் போன பிறகு நானும் படத்தின் முன்னால் நின்று பார்த்தேன். சாம்பல் கருங்கல் ஆரஞ்சு நிறமாகியிருந்தது. வானம் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி நீலம். கோபுரம் மேலே போகப் போகக் குறுகாமல் பெட்டி போல நின்றது. ஆளுக்கு அடையாளம் முகம் என்றால் கட்டடத்துக்கு அடையாளம் அதன் நிறமும் நிற்கும் விதமும்தான். இரண்டையும் நானே அழித்திருந்தேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேமரா நிக்கான் டி5300. லென்ஸ் அதோடு வந்த 18-55. லேப்டாப் 8 ஜிபி ராம் உள்ள பழையது, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படத்தைத் திருத்தும் மென்பொருள் டார்க்டேபிள்: லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும், காசு கட்ட வேண்டியதில்லை. பழக நாள் பிடிக்கும், அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு முழுதாக ஒரு வருஷம் ஆனது. இருக்கிற எல்லா மாட்யூலையும் (ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனியாக உள்ள கருவி) திறந்து பார்க்கும் ஆசையை விட்ட பிறகுதான் வேலை பிடிபட்டது. இப்போது கட்டடப் படத்துக்கு ஏழெட்டு மாட்யூல்களுக்கு மேல் தொடுவதில்லை.

முதலில் லென்ஸ் கரெக்‌ஷன். 18 மில்லிமீட்டரில் எடுத்தால் அகழியை ஒட்டிய நீள மதில் வில் மாதிரி வளைந்து வரும். எந்த லென்ஸ் எவ்வளவு வளைக்கும் என்ற கணக்கு டேட்டாபேஸில் இருப்பதால் ஒரு சொடுக்கில் நேராகிவிடும். இதை முடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த வேலைதான் நான் அதிகம் தடுமாறியது. உயரமான கட்டடத்தைக் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் பக்கக் கோடுகள் மேலே ஒன்றை ஒன்று நோக்கிச் சாயும். கட்டடம் பின்னால் விழப்போவது போலத் தெரியும். ரொடேட் அண்ட் பர்ஸ்பெக்டிவ் மாட்யூல் படத்தில் இருக்கும் நேர்கோடுகளைத் தானே தேடிப் பிடித்து நிமிர்த்தி வைக்கும். அலுவலகக் கட்டடத்துக்கோ அடுக்குமாடி வீட்டுக்கோ கண்ணை மூடிக்கொண்டு இதை நம்பலாம். கோபுரத்துக்கு நம்பக் கூடாது. கோபுரம் இயல்பிலேயே மேலே குறுகுவது. அதன் சாய்ந்த விளிம்புகளையும் மென்பொருள் "நேராக இருந்து சாய்ந்துபோன கோடு" என்று எடுத்துக்கொண்டு இழுத்து நிறுத்திவிடும். பெரியப்பாவுக்கு அடையாளம் தெரியாமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதற்கு வழி கோபுரத்தின் காலடியிலேயே இருக்கிறது. கோபுரத்தின் கீழ்ப்பகுதி கருங்கல், அதற்கு மேலேதான் செங்கல்லும் சுதையும். அந்தக் கல் பகுதியில் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள் வரிசையாக இருக்கும். அவை உண்மையிலேயே செங்குத்தானவை. இடது ஓரத்தில் ஒரு அரைத்தூண், வலது ஓரத்தில் ஒன்று, இரண்டின் விளிம்பிலும் நானே கோடு வரைந்து கொடுத்து, இவற்றை மட்டும் நிமிர்த்து என்று விடுகிறேன். மேலே உள்ள ஏழு நிலைகளும் தம் இயல்பான சரிவோடு நிற்கும். அப்படி வந்ததையும் நூற்றுக்கு நூறு வைத்துக்கொள்வதில்லை. முழுக்க நிமிர்த்தினால் உச்சி நீண்டு, தலை கனத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்லைடரைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து முக்கால் பங்கில் நிறுத்தினால் கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. அண்ணாந்து பார்க்கிற உணர்வு கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்னொன்று: நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். அதனால் எடுக்கும்போதே நாலு அடி பின்னால் போய், சுற்றிலும் இடம் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண மண்டபம் வேறு விதமான சோதனை. யாளியும் குதிரை வீரரும் செதுக்கிய தூண்கள் நிழலில் இருக்க, வெளியே வேலூர் வெயில் கொளுத்தும். தூணுக்கு வெளிச்சம் வைத்தால் முற்றம் வெளுத்துப் போகும். முற்றத்துக்கு வைத்தால் யாளி கறுப்பு நிழலாகிவிடும். வெளிச்சத்தை மாற்றி மாற்றி மூன்று படம் எடுத்துச் சேர்க்கலாம்தான். ஆனால் கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம், ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுத்த மூன்றும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. அதனால் நான் ராவ் கோப்பாக (கேமரா பதிவு செய்ததை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஒரே படம்தான் எடுக்கிறேன், வெளியே உள்ள வெளிச்சம் கெடாத அளவுக்கு இருட்டாக. இருட்டை அப்புறம் தூக்கிவிடலாம். வெளுத்துப் போனதைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளாலும் முடியாது.

தூக்குவதற்கு டோன் ஈக்வலைசர். 2019 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் சேர்ந்தது இது. டார்க்டேபிளில் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். சாதாரணமாக நிழலை ஏற்றினால் செதுக்கலின் மேடு பள்ளம் தட்டையாகி, தூணுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகும். இது படத்தை வெளிச்ச அளவுப்படி பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மொத்தமாகத் தூக்குகிறது. யாளியின் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, முகம் மட்டும் வெளிச்சத்துக்கு வருகிறது. மவுஸை யாளியின் கன்னத்தில் வைத்து உருளையைச் சுழற்றினால் போதும், அந்த அளவு இருட்டு உள்ள இடமெல்லாம் சேர்ந்து ஏறும். ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் நான் ஏற்றுவதில்லை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அதற்கு மேல் போனால் மண்டபத்தில் ட்யூப் லைட் போட்ட மாதிரி இருக்கும்.

நிறம். நிழலில் இருக்கும் கல்லின் மேல் வானத்தின் நீலம் படியும், படத்தில் கல் நீலமாக வரும். அதைச் சரிசெய்ய வெள்ளைத் தாள் ஒன்றைத் தூணருகே பிடித்துப் படம் எடுத்து, அதைப் பார்த்து ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்ற கணக்கை, வைத்துக்கொண்டிருந்தேன். கல்லெல்லாம் மஞ்சளடித்தது. காரணம் பிடிபட மாதக்கணக்கானது. ஜெராக்ஸ் தாளில் வெளுப்பாகக் காட்டுவதற்கென்று சேர்க்கும் பொருள் பகல் வெளிச்சத்தில் இல்லாத நீலத்தைக் காட்டும். மென்பொருள் அந்த நீலத்தையும் சேர்த்துக் கழிக்கப் போய்க் கல் மஞ்சளாகிவிடுகிறது. வெள்ளைத் தாளுக்குப் பதிலாக, நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தூணுக்கும் மழையில் நனைந்த மதிலுக்கும் உள்ள நிற வித்தியாசம் இப்போது படத்திலும் தெரிகிறது. நிறத்தின் அடர்த்தியை ஏற்றும் சாச்சுரேஷன் பக்கம் கை போவதே குறைந்துவிட்டது.

சித்திரை, வைகாசியில் ஊரைச் சுற்றியுள்ள மலைகள் மங்கலாகத்தான் தெரியும். மங்கலைப் போக்கும் ஹேஸ் ரிமூவலை ஏற்றினால் மலை பளிச்சென்று முன்னால் வந்து கோட்டைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், தூரம் செத்துப்போகும். 0.1 அளவுக்கு மட்டும் வைக்கிறேன். பல நாள் அதுவும் வேண்டாம்.

வானத்தை மாற்றுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. "திருவாரூர் தேரழகு" என்று தொடங்கும் வழக்கில் மதிலழகுக்குப் பெயர் வாங்கியது நம் விரிஞ்சிபுரம். அந்த மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம் அப்போதைய மணி. நண்பர் ஒருவர் அதை உச்சி வெயிலில் எடுத்து, வேறொரு மென்பொருளில் பின்னால் செக்கச் சிவந்த அந்தி வானத்தை ஒட்டியிருந்தார். வானம் ஆறு மணி என்கிறது, கல் பன்னிரண்டு என்கிறது. நிழலைப் பார்த்து நேரம் சொல்லவே செதுக்கிய கல்லை வைத்துக்கொண்டு நேரத்தை மாற்றலாமா? அன்றிலிருந்து வானம் வெளுத்திருந்தால் வானத்தைக் குறைவாக வைத்து எடுக்கிறேன், இல்லையென்றால் காலை ஆறரைக்குத் திரும்பப் போகிறேன். ரீடச் மாட்யூலில் அகழியில் மிதக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்துவிடுவேன், அது நாளைக்கே போய்விடக் கூடியது. தூணில் அடித்த ஒயரை எடுக்க மாட்டேன். இந்த வருஷம் அந்தத் தூண் அப்படித்தான் இருந்தது.

பிரிண்ட் போடும் கடையில் ஒருமுறை இத்தனை வேலையும் வீணானது. "கலர் கொஞ்சம் ஏத்தி உட்டேன் சார், அப்பதான் பளிச்சுன்னு இருக்கும்" என்றார் கடைக்காரர். "வேணாம்ணா, கல்லு கல்லாவே இருக்கட்டும், அப்டியே போடுங்க" என்று திரும்பப் போட்டு வாங்கினேன். அதுவும் இருட்டாக வந்தது, ஆனால் அது என் தப்பு. லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து வேலை பார்த்திருக்கிறேன். இப்போது திரை வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுமுறையில் ஏற்றுமதி செய்து, சின்ன அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் பார்த்த பிறகே பெரியதைப் போடுகிறேன்.

பழைய லேப்டாப்பில் இதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நல்ல வேகம் கிடைக்கும். ஆனால் ஆறு வருஷமாக இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. மூலக் கோப்பை அது தொடுவதே இல்லை. செய்த மாற்றமெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன கோப்பில் வரிசையாக எழுதி வைக்கப்படுகிறது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே கரையில் நின்றது. மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு கரை தொட்டுச் செம்மண் நிறத்தில் ஓடியது. அன்றைக்கு எடுத்த படங்களில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் செம்மண்ணைக் குறை என்று எண்ணிக் கழுவிவிட்டிருந்தது, தண்ணீர் ஏதோ சாம்பல் குழம்பாக இருந்தது. நானும் அப்படியே எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். போன வருஷம் அதே ராவ் கோப்புகளைத் திறந்து, பழைய மாற்றங்களை நீக்கிவிட்டு, 4.2 பதிப்பில் வந்த, வெளிச்ச அளவுகளைத் திரைக்கு ஏற்ப அமைக்கும் சிக்மாய்ட் மாட்யூலை வைத்து முதலிலிருந்து செய்தேன். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு நகர்த்தியதும் செம்மண் திரும்பி வந்தது. பெரியப்பாவிடம் காட்டினேன். "அன்னிக்கு இந்த வாசனைகூட இப்பிடித்தான் இருந்துச்சு" என்று சொல்லி, போனில் அனுப்பச் சொன்னார்.