கொல்லையில் தொலைநோக்கி, வானத்தில் இடி: சர்ஜ் ப்ரொடெக்டரா, ஃபைபரா, பிளக்கைப் பிடுங்குவதா?

போன கோடை மழையில் பக்கத்துத் தோப்புத் தென்னையில் இடி விழுந்தது. எங்கள் வீட்டில் விழவில்லை. ஆனாலும் கொல்லைக் கொட்டகையில் தொலைநோக்கியோடு இருந்த மினி கம்ப்யூட்டரும் மவுண்ட்டின் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அடிப்பகுதி) சர்க்யூட் போர்டும் போய்விட்டன. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். லேன் போர்ட்டை ஒட்டிய சிப்பின் நடுவில் மிளகளவு ஓட்டை, சுற்றிலும் கரி. கரண்ட் வரும் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

எதை வாங்கலாம் என்று யோசிக்கும்போது அந்த ஓட்டையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஒரு மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் பாயும். இறங்கும் இடத்தில் மண்ணின் தடை 10 ஓம் என்றால், அங்கே மண்ணே ஒரு கணம் 3 லட்சம் வோல்ட்டுக்கு ஏறிவிடும். தள்ளிப் போகப் போகக் குறையும். கொட்டகைக்குத் தனி எர்த், வீட்டுக்குத் தனி எர்த் என்றால் இரண்டும் ஒரே அளவில் ஏறாது. அந்த வித்தியாசம் நடுவில் கிடக்கும் 25 மீட்டர் லேன் ஒயர் வழியாகப் பாயும். லேன் போர்ட்டாவது 1,500 வோல்ட்டைத் தாங்கும்படி பிரித்து வைக்கப்பட்டது. யூஎஸ்பியில் அந்தத் தடுப்பும் கிடையாது.

அதனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வரும் சர்ஜ் ப்ரொடெக்டரை (திடீரென எகிறும் வோல்ட்டைத் தடுக்கும் சாதனம்) கடைசியில்தான் வைப்பேன். உள்ளே இருப்பது, வோல்ட் எகிறினால் அதைத் தன் வழியே திருப்பிவிடும் காசளவு வேரிஸ்டர் வில்லை. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். கரண்ட் வழியை மட்டும் காக்கும், லேன் பக்கம் திறந்தே கிடக்கும். வீட்டின் மெயின் போர்டில் பொருத்தும் ‘டைப் 2’ வகை சர்ஜ் ப்ரொடெக்டர் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்தால்தான் முழுப் பலன்.

பிளக்கைப் பிடுங்குவது செலவில்லாதது, உறுதியானது. ஸ்விட்சை அணைத்தால் போதாது; சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். லேன் ஒயரையும் உருவித் தள்ளி வைக்க வேண்டும். மழைக்கு முன்பே, 15 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் மின்னல் வரும் என்பதால், இடி கேட்ட பிறகு கொட்டகைக்கு ஓடுவது உயிருக்கே ஆபத்து. ஊருக்குப் போயிருந்தால் பிடுங்க ஆளும் இல்லை.

என் ஓட்டு ஃபைபருக்கும் பேட்டரிக்கும் சேர்த்துத்தான். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. இரண்டு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (லேன் சிக்னலை ஒளியாகவும், ஒளியை லேன் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) போதும். கொட்டகைக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. மவுண்ட், குளிரூட்டிய கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 6 ஆம்பியர் இழுத்தாலும் பத்து மணி நேரத்துக்கு 60 ஆம்பியர்-அவர்தான். பகலில் சார்ஜ் ஏற்றி, சார்ஜரின் இரண்டு முனையையும் கழற்றிவிட்டால் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் உலோகமே இராது. வைஃபை எட்டும் தூரம் என்றால் ஃபைபர்கூட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கடையிலேயே பாருங்கள். வெளியே இழுக்கும் ஃபைபர் கேபிள்கள் பலவற்றில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஓடும். அதை வாங்கினால் பழைய லேன் ஒயரையே திரும்பப் புதைத்த கதைதான். முனையைச் சீவிக் காட்டச் சொல்லி, உலோகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.