கெம்பா, மாணிக்கமா?

தேன்கனிக்கோட்டையில் வாழ்ந்த என் பாட்டி, தன் சிவப்புக்கல் தோட்டைக் கடைசிவரை 'கெம்புத் தோடு' என்றே சொன்னார். தருமபுரியில் வளர்ந்த அம்மாவுக்கு அது 'மாணிக்கத் தோடு'. கெம்பு என்றால் கன்னடத்துக்காரர்களின் பேச்சு, மாணிக்கமே நல்ல தமிழ் என்பது அம்மாவின் எண்ணம். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது.

மாணிக்கம், 'மாணிக்ய' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம், 'மணி'யோடு உறவுடையது. மணி எந்தக் கல்லுக்கும் பொது. ஆக, அந்தப் பெயரில் மதிப்பு இருக்கிறது, நிறம் இல்லை. சிலப்பதிகார வழக்குரை காதையில்கூடக் கண்ணகி தன் சிலம்பின் பரலை 'மணி' என்றுதான் சொல்கிறாள். மாணிக்கப் பரல் என்பது நாம் விரித்துச் சொல்வது.

கெம்பு அப்படியல்ல. கன்னடத்தில் சிவப்பு நிறத்துக்கும் இந்தக் கல்லுக்கும் அதுவே சொல். தமிழில் சகரம் வருகிற சில இடங்களில் கன்னடம் பழைய ககரத்தைக் காத்து வைத்திருக்கிறது: நம் செவி அங்கே கிவி. அதே வழியில் நம் 'செம்'மும் அவர்களுடைய 'கெம்'மும் ஒரே வேர். செம்பு என்று நாம் உலோகத்தைச் சொல்கிறோம், கெம்பு என்று அவர்கள் கல்லைச் சொல்கிறார்கள். இரண்டும் உடன்பிறந்த சொற்கள். ஓசூர்ப் பக்கத்தில் இரு மொழியும் புழங்கும் வீடுகளில் இந்த உறவைக் காதாலேயே கேட்கலாம். பாட்டி பேசியது அயல்மொழி அல்ல என்று தெரிந்த நாளில் எனக்குக் கண் கலங்கியது.

இதே கல்லுக்கு இன்னொரு பெயரான பதுமராகம், தாமரை நிறம் என்ற பொருளில் வந்தது. அழகான பெயர்தான், ஆனால் ஏட்டோடு நின்றுவிட்டது.

நிறப்பெயரில் ஓர் ஆபத்தும் உண்டு: சிவப்பாக இருக்கும் எந்தக் கல்லுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். ஆங்கில 'ரூபி'யும் சிவப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. பிரிட்டிஷ் மகுடத்தில் ரூபி என்று புகழ்பெற்ற பெருங்கல், உண்மையில் ஸ்பினல் என்ற வேறு கனிமம். மாணிக்கமோ குருந்தம் (corundum) என்ற கனிமத்தின் வகை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவில் அது 9, சிவப்பைத் தருவது குரோமியம். நாட்டிய நகைகளில் 'கெம்பு' என்று விற்பவற்றில் பல வெறும் கண்ணாடி.

அதனால் கடையில் ரசீது போடும்போது இயற்கை மாணிக்கம் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். வீட்டில் பெயர் சொல்லும்போது நான் கெம்பு என்றுதான் சொல்வேன். பாட்டியின் தோடு இருக்கும் டப்பாவின் மேலும் அதையே எழுதி ஒட்டியிருக்கிறேன்.