நல்லூரடித் திரைக்கதைப் பட்டறை: சனிக்கிழமைக்கு நாலு நட்சத்திரம், ஞாயிறுக்கு ஒண்டரை

நான் கலியாண வீடியோ எடுத்துச் சீவிக்கிற ஆள். இடைக்கிடை குறும்படமும் எடுப்பன். நல்லூரடியில சனி, ஞாயிறு நடந்த இந்தப் பட்டறைக்கு 6,000 ரூபா, மத்தியானச் சாப்பாட்டோடை. கணவாய்க் கறி திறம். மண்டபத்தில ஏசி பேருக்குத்தான்.

சனிக்கிழமை படிப்பிச்ச அக்கா கமராவைத் தொடவே இல்லை. டென்மார்க்கையும் அயர்லாந்தையும் பற்றித்தான் கதைச்சவா. டென்மார்க்கில சனம் ஏறக்குறைய 60 லட்சம். அந்தப் பாசைக்கு வெளியில பெரிய சந்தை இல்லை. ஆனா 1966இலேயே அரச திரைப்படக் கல்லூரி, 1972இல படங்களுக்குக் காசு குடுக்கிற அரச திரைப்பட நிறுவனம். அங்கை ஒரு கதைக்குக் காசு குடுக்கலாமோ எண்டு பார்க்கிறது பெரிய குழு இல்லை, ஆலோசகர் எண்ட ஒரு ஆள். அவருக்குச் சில வருசந்தான் பதவி, பிறகு வேறை ஆள் வரும். ஒரே ஆளின்ரை ருசி கனகாலம் குந்தியிருக்க ஏலாது. சனம் திரண்டு பார்க்கும் எண்ட நம்பிக்கையில எடுக்கிற படங்களுக்கு வேறை வழி இருக்கு. புதுப் பெடியளுக்கு 2003இல தனித் திட்டம் ஒண்டும் துவங்கினவை: காசு கொஞ்சம், ஆனா புதுசா ஏதாவது செய்து பார்க்க வேணும்.

எனக்குக் கூடப் பிடிச்சது அயர்லாந்துக் கதை. 1987இல காசு மிச்சம் பிடிக்க எண்டு, படங்களுக்குக் காசு குடுக்கிற அரச திரைப்படச் சபையை நிப்பாட்டிப்போட்டு, 1993இல திரும்பத் துவங்கினவை. 2017இல ஐரிஷ் மொழிப் படங்களுக்கு எண்டே ‘சினே4’ எண்டு ஒரு திட்டம். முதல்ல சில கதைகளுக்கு எழுதுறதுக்குக் காசு, அதுக்குப் பிறகுதான் அதில ஒண்டு ரெண்டுக்குப் படம் எடுக்கக் காசு. அந்த வழியால வந்த ‘அன் கைலின் கியூன்’ 2023இல ஒஸ்கார் பரிந்துரை வரை போனது. 2022 கணக்கெடுப்பின்படி, பள்ளிக்கூடத்துக்கு வெளியில நாளாந்தம் ஐரிஷ் பேசுறவை ஏறக்குறைய 72,000 பேர்தான். யாழ்ப்பாண மாவட்டத்தில மட்டும் அதைவிடப் பல மடங்கு தமிழ்ச் சனம் இருக்கு. அயர்லாந்துக்காரருக்குப் பக்கத்தில லண்டன், எங்களுக்குப் பக்கத்தில சென்னை. பாசை சின்னனோ பெரிசோ, பக்கத்துவீட்டுக்காரன் பெரிய ஆளெண்டால் கரைச்சல் ஒண்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை வேறை ஒருத்தர். லென்ஸ், லைட், ட்ரோன். வந்ததில அரைவாசிப் பேர் கலியாணத்துக்கு ட்ரோன் விடுறவை, எங்களுக்கு அது என்னத்துக்கு? கடைசியில அஞ்சு பக்கத்தில கதை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு போனவை. வாசிச்சுக் கருத்துச் சொல்லி அனுப்புவம் எண்டவை, இன்னும் ஒண்டும் வரேல்லை. முதல்நாள் முழுக்க ‘கதையைத் திருப்பித் திருப்பி எழுதவைக்கிறதுக்குத்தான் அவை முதல் காசு குடுக்கினம்’ எண்டு படிப்பிச்சுப்போட்டு, எங்கடை கதையைப் பெட்டிக்குள்ள போட்டு மூடினால் எப்பிடி?

அடுத்தமுறை வைச்சால், காசு கட்டமுதல் இரண்டு விசயம் கேளுங்கோ: எழுதிக் குடுக்கிறதை வாசிக்கப்போறது ஆர், எப்ப திருப்பித் தருவினம்? சனிக்கிழமையை மட்டும் தனியாக் குடுத்தால் 4,000 எண்டாலும் போகலாம். ஞாயிறு கலியாணம் ஒண்டு கிடைச்சால் நான் கலியாணத்துக்குத்தான் போவன்.