வயிற்றுப்போக்கு: ஓஆர்எஸ் பாக்கெட்டா, வீட்டு உப்பு-சர்க்கரைக் கரைசலா?

நெருக்கடியான குடியிருப்பில், மருந்துக்கடை மூடிய நேரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு தொடங்கும்போது வரும் குழப்பம் இது. ஓஆர்எஸ் என்பது உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்ட நீரில் கரைத்துக் குடிக்கும் பொடி.

உள்ளிருப்பது
பாக்கெட்: 1 லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9.
வீட்டில்: 1 லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பொட்டாசியம் கிடையாது.

எங்கே தவறுகிறது
பாக்கெட்: 1 லிட்டருக்கான பொடியை ஒரே தம்ளரில் கரைத்துவிடுகிறார்கள். பாதிப் பொடியைக் கண்ணளவில் பிரிப்பதும் ஆகாது.
வீட்டில்: கை உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். சர்க்கரை கூடினால் போக்கு இன்னும் அதிகமாகும். நாக்கே நல்ல அளவுகோல்: கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிடுங்கள்.

வைத்திருப்பது
இரண்டுமே கரைத்தபின் 24 மணி நேரம்தான்.

கைக்குழந்தைக்கும், தண்ணீராகக் கொட்டும் காலராவுக்கும் பாக்கெட்டே சரி. வீட்டில் இரண்டு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். பாக்கெட் கைக்கு வரும்வரை தாங்கிப்பிடிக்க வீட்டுக் கரைசல் போதும். எந்தக் கரைசலைக் கொடுத்தாலும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. மலத்தில் ரத்தம், குழிந்த கண், குடிக்க முடியாத சோர்வு இருந்தால் எந்தக் கரைசலையும் நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்லுங்கள்.