ஆஃப்ரோடு வண்டிக்கு ஏர் சஸ்பென்ஷன்: உயரத்தை அளப்பதா, அழுத்தத்தை அளப்பதா?

இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகவோ துணையாகவோ காற்றுப் பலூனை வைப்பதுதான் ஏர் சஸ்பென்ஷன். அதற்கு ‘ஆக்டிவ்’ என்று பெயர் வைத்தாலும், 6 மிமீ குழாயில் ஓடும் காற்று ஒவ்வொரு கல்லுக்கும் பதில் சொல்லாது. குலுக்கலை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. காற்று கவனிப்பது வண்டியின் உயரத்தையும் சாய்மானத்தையும்தான். அதனால் பெரிய கம்ப்ரெஸரில் பணத்தைக் கொட்டுவதற்கு முன், காற்றை ஏற்றி இறக்கும் வால்வுகளை இயக்கும் கன்ட்ரோலர் எதை அளக்கப்போகிறது என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் ஸ்பிரிங். மலிவான வழி, காயில் ஸ்பிரிங்குக்குள் செருகும் சிறு பலூன். 5 முதல் 35 பிஎஸ்ஐ வரை தாங்கும். பின்னால் சுமை ஏற்றினால் வண்டி தொங்காது; அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. உள்ளே இருந்த பம்ப் ஸ்டாப்பை (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தாங்கும் கட்டை) கழற்றிவிட்டு வேறு ஸ்டாப் வைக்காவிட்டால், பெரிய பள்ளத்தில் இறங்கும்போது பலூன் நசுங்கிக் கிழியும். மறுகோடியில் இருப்பது எண்ணெயும் வாயுவும் சேர்ந்த முறை. டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 100-இல் வந்தது இதுதான். அருமையாக ஓடும், ஆனால் பட்டறையில் நாமே கட்டும் சமாச்சாரம் அல்ல.

மிச்சம் இருப்பது, காயிலை எடுத்துவிட்டு நான்கு மூலையிலும் பலூனே சுமையைத் தாங்கும் முறை. மடிப்பு மடிப்பாக இருக்கும் பெல்லோஸ் வகை முரட்டுத்தனமானது, ஆனால் அதன் ஓட்டம் (மேலும் கீழும் அசையும் தூரம்) குறைவு. பிஸ்டன் மேல் உருண்டு இறங்கும் ஸ்லீவ் வகைக்கு ஓட்டம் அதிகம். ரேஞ்ச் ரோவர் பி38-இல் இருப்பது அதுவே. பாறையில் ஏறுகிற வண்டிக்கு ஸ்லீவ்தான் சரி. அதன் எதிரி, பிஸ்டனுக்கும் ரப்பருக்கும் நடுவே மாட்டும் சேறும் சரளையும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்தால் ஸ்லீவ் தாறுமாறாக மடிந்து, திரும்ப ஏறும்போது கடிபடும். தொங்கலின் எல்லையைப் பலூன் தாங்கக் கூடாது. அதற்கு ஸ்ட்ராப் கட்டுங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியானால் ஆக்சிலைப் பிடித்து நிறுத்த லிங்குகளும், பக்கவாட்டு அசைவைத் தடுக்கும் பனார்ட் ராடும் தனியாக வேண்டும், பலூன் பக்கவாட்டில் எதையும் பிடிக்காது.

ஒரு கணக்கு. ஒரு மூலையில் 600 கிலோ, பலூனின் பயனுறு பரப்பு 100 சதுர செமீ என்றால் தேவையான அழுத்தம் சுமார் 5.9 பார், அதாவது 85 பிஎஸ்ஐ. உள்ளே 2 லிட்டர் காற்று இருந்தால் துள்ளல் நொடிக்கு 1.4 தடவை. 1 லிட்டர் துணை டப்பா சேர்த்தால் 1.2 ஆகும், பயணம் மென்மையாகும். ஆனால் டப்பாவுக்குப் போகும் குழாய் 12 மிமீக்குக் குறைந்தால் பலன் பெரும்பாலும் போய்விடும். நான்கு மூலையையும் 5 செமீ தூக்க, வெளிக்காற்றுக் கணக்கில் 14 லிட்டர் போதும். 10 லிட்டர் டேங்க் 10 பாரிலிருந்து 7-க்கு இறங்கினால் 30 லிட்டர் கிடைக்கும்; இரண்டு தடவை தூக்கலாம். இதற்கு மேல் டேங்க் வெறும் எடை.

இனி அசல் போட்டி. அழுத்தத்தை மட்டும் பார்க்கும் கன்ட்ரோலருக்குச் செலவு குறைவு, வெளியே கம்பி, லிங்க் எதுவும் இல்லை. ஆனால் பின்னால் 100 கிலோ ஏற்றினால் அழுத்தம் கூடும். அதைக் குறைக்க கன்ட்ரோலர் காற்றைத் திறந்துவிடும். வண்டி பம்ப் ஸ்டாப்பில் உட்காரும். பக்கச் சரிவில் இன்னும் மோசம். கீழ்ப்பக்கப் பலூனில் அழுத்தம் ஏறுவதைப் பார்த்து அதிலிருந்தே காற்றை விடும், வண்டி மேலும் சாயும்.

உயரத்தைப் பார்ப்பது சமதளத்தில் கச்சிதம். கோளாறு கிராஸ் ஆக்சிலில், அதாவது எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் அமுங்கி மற்ற இரண்டும் தொங்கும் நிலையில், வரும். அமுங்கிய மூலை தாழ்வாகத் தெரிவதால் அங்கே காற்றை ஏற்றும், தொங்கும் மூலையிலிருந்து இறக்கும். ஏற்கெனவே பிடிப்பில்லாத சக்கரம் மேலும் லேசாகும். இந்த ஒரு சூழலில் மட்டும், அழுத்தத்தைச் சமன்செய்வதே சரி. 2004-இல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-இல் இடது, வலது பலூன்களை இணைக்கும் கிராஸ்லிங்க் வால்வ் இருப்பது இதற்காகத்தான்.

ஆகவே உயரம் அடிப்படை, அழுத்தம் விதிவிலக்கு. எதிரெதிர் மூலை ஜோடிகளுக்கு இடையே உயர வித்தியாசம் 60 மிமீக்கு மேல், வேகம் 15 கிமீக்குக் கீழ், உடல் சாய்வு 10 டிகிரிக்குள்: மூன்றும் பொருந்தினால் கிராஸ்லிங்கைத் திறக்கலாம். சாய்வு தாண்டினால் எல்லா வால்வையும் மூடிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சாதாரணமாக ஓட்டும்போது உயரத்தின் 10–15 நொடி சராசரியைப் பார்த்து, ±8 மிமீ வரையிலான வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும்; பிரேக் மிதித்தாலோ கதவு திறந்தாலோ திருத்தத்தை நிறுத்த வேண்டும். தூக்கும்போது பின்பக்கம் முதலில், இறக்கும்போது முன்பக்கம் முதலில். எதிரே வருபவர் கண்ணில் ஹெட்லைட் அடிக்காது. வண்டியைத் தூக்கிக் கட்டியவர்கள், உயர சென்சாரை ஆக்சிலோடு இணைக்கும் லிங்கையும் நீட்ட வேண்டும். இல்லையென்றால் முழுத் தொங்கலில் அது மறுபக்கம் மடங்கி, உயரத்தைத் தலைகீழாகச் சொல்லும்.

வால்வ் அமைப்பிலும் இரு கட்சி. மூலைக்கு இரண்டாக எட்டு வால்வ் வைத்தால் ஒரு மூலையை ஏற்றும்போதே மற்றொன்றை இறக்கலாம். ஆனால் காற்று நேராக வெளியே போவதால், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரில் சேர்ந்த ஈரம் உலராது. ஒரே பொதுப் பாதையில் மூலைக்கு ஒரு வால்வ் என்றால் வேகம் குறைவு, ஆனால் வெளியேறும் காற்றை டிரையர் வழியே விட்டு அதை உலர்த்தலாம். இரு மூலை வால்வைச் சேர்த்துத் திறந்தால் கிராஸ்லிங்க் இலவசம். நாமே கட்டுவதற்கு இரண்டாவதே மேல்.

கம்ப்ரெஸர் எரிந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள். அது ஓயாமல் ஓடியிருக்கும். இரவு முழுக்க நிறுத்தி, காலையில் நான்கு மூலையையும் அளக்கவும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பலூன், குழாய், அல்லது வால்வின் ஓ-ரிங். பி38-இல் இப்படி நிறுத்துவதற்கு முன்பே, முன்சீட்டுக்கு அடியில் உள்ள டைமர் ரிலேயைப் பிடுங்கிவிட வேண்டும். நிறுத்திய பிறகும் அது அவ்வப்போது விழித்து மற்ற மூன்றையும் தாழ்ந்த மூலைக்குச் சமமாக இறக்கிவிடும். கசியும் மூலை எது என்று தெரியாது.