பிட்டர் கண்ணில் 'பிரிசன் பிரேக்'

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் செம்பனை எண்ணெய் மில்லில் பிட்டர் வேலை எனக்கு, இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்ப்பது. பார்க்க நல்ல ஆங்கிலத் தொடர் எது என்று கேட்கிறவர்களிடம் 'பிரிசன் பிரேக்'கைத்தான் சொல்வேன். 2005இல் வந்த பழைய சரக்குதான். ஆனால் முதல் சீசனின் 22 பாகங்களிலும் போல்ட், பைப், சுவர் இவற்றை வைத்தே நெஞ்சை அடிக்க வைத்திருக்கிறார்கள்.

துணை அதிபரின் சகோதரனைக் கொன்றதாக அண்ணன் லிங்கனுக்கு மரண தண்டனை. தம்பி மைக்கல் ஸ்கோபீல்ட் கட்டட இன்ஜினியர். வேண்டுமென்றே பேங்கில் கொள்ளையடித்து அண்ணன் இருக்கும் சிறைக்கே போகிறான். சிறையின் பிளான் முழுவதையும் உடம்பில் பச்சை குத்தியிருக்கிறான். படம் பிடித்ததும் நிஜச் சிறையில்தான்: 2002இல் மூடப்பட்ட இல்லினாய்ஸ் ஜோலியட் சிறை.

உட்காரும் பலகையிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி, தேய்த்துத் தேய்த்து ஆலன் கீயாக்குவான் பாருங்கள், அறுகோணக் குழி வைத்த திருகாணியைக் கழற்றும் சாவி அது! கிரைண்டர் வைத்திருக்கும் எங்கள் பட்டறையிலேயே அளவு சற்றுப் பிசகினால் கீ வழுக்கும். இவனோ வார்டர் வருகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்கிறான். அப்புறம் மயில்துத்தமும் பாஸ்பாரிக் ஆசிட்டும் சேர்த்து பைப்பை அரிக்க விடுவது. பாய்லர் பைப்போடு மாரடிக்கிற எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை, அது வேறு கதை. சிறைக்குள் கலவரம் நடக்கும்போது பேய் முகம் ஒன்றைச் சுவரில் ஒளியாக விழவைத்து, எந்தெந்தப் புள்ளியில் துளையிட்டால் சுவர் பலம் இழக்கும் என்று பார்ப்பான். துளை போட முட்டை அடிக்கிற கருவி! அந்தப் பாகத்தை நைட் ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் தொடாதீர்கள், பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.

இரண்டாம் சீசனில் தப்பியவர்களைத் துரத்த வருகிற எஃப்பிஐ அதிகாரி மஹோன் மைக்கலுக்குச் சரியான சோடி. அந்தப் பச்சையை இவனும் படிக்கக் கற்றுக்கொள்கிறான். மூன்றாவது பனாமாவில் நடக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 13 பாகத்தோடு நின்றது. நான்காவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ரகசியக் கம்பெனி, அதற்குள் இன்னொரு ரகசியம் என்று இழுக்கிறார்கள்.

2017இல் ஒன்பதே பாகங்களோடு திரும்ப வந்தது. மைக்கல் ஏமனில் ஒரு சிறையில் இருப்பதாகத் துப்பு கிடைக்க, இந்தத் தடவை அண்ணன் தம்பியைத் தேடிப் போகிறான். "மாமா, இதுலதான் ஓட்டம் இருக்கு" என்கிறான் அக்கா மகன். ஓட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. குண்டு, புழுதி, சந்து சந்தாகத் துரத்தல். ஆனால் ஒரு திருகாணிக்காக அரை மணி நேரம் பதறவிடும் பொறுமை போய்விட்டது. லிங்கனாக வரும் டோமினிக் பர்சல் மட்டும் முகம் முழுக்கக் களைப்போடு நிற்கிறார். அவருக்காகவே ஒன்பதையும் பார்க்கலாம்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். டி-பேக் என்ற கொடூரக் கைதியாக வரும் ராபர்ட் நெப்பர் சிரித்தாலே என் சம்சாரம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நான்காவதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் அதன் கடைசிப் பாகத்தை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் 2017இல் லிங்கன் போய் மைக்கலின் கல்லறையைத் தோண்டுவது எதற்கென்றே விளங்காது.